ஓய்வு பெற்றோர் சங்கம்: பணம் யார் பெயரில், பெயர்ப்பட்டியல் யார் கையில்?

கேள்வி: மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 31 ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். நான்கு ஆண்டுகளுக்கு முன் பழைய சகாக்கள் சிலர் சேர்ந்து ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு தொடங்கினோம். இப்போது 84 பேர் இருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை இரவு தீவில் ஓர் உணவகத்தில் சந்திப்பு. ஆளுக்கு மாதம் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டுகிறோம். மிச்சம் ஏறக்குறைய 6,000 வெள்ளி என் சொந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது. முதலில் 50 பேர் வந்த சந்திப்புக்கு இப்போது 15 பேர்தான் வருகிறார்கள். மரண உதவி நிதி தொடங்கினால் எல்லாரும் வருவார்கள் என்கிறார்கள் சிலர். தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்களின் பெயர்ப்பட்டியல் கேட்டோம், தர மறுத்துவிட்டார்கள். சங்கமாகப் பதிவு செய்தால் இதெல்லாம் சரியாகுமா?

பதில்: ஐயா, முதலில் அந்த 6,000 வெள்ளியைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் கொஞ்சம் காத்திருக்கலாம்.

பணம் உங்கள் பெயரில் இருக்கும்வரை, வங்கியைப் பொறுத்தவரை அது உங்கள் பணம். நாளை உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள். உங்கள் சொத்தை நிர்வகிக்கும் உரிமையைக் குடும்பத்தார் முறைப்படி வாங்கி வந்த பிறகுதான் ஒரு காசு வெளியே வரும். அதில் எது சங்கத்துப் பணம், எது வீட்டுப் பணம் என்று யார் சொல்வது? பிறை நகரில் நான் செயலாளராக இருந்த சங்கத்தில் இதேதான் நடந்தது. பொருளாளர் மருத்துவமனைக்குப் போன இரண்டாம் நாள் காலமானார். பணம் திரும்பி வரப் பதினொரு மாதம் ஆனது. அது பெரிதில்லை. அந்தப் பதினொரு மாதமும் உறுப்பினர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அவர் மனைவியிடம் "என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இருபது வருடமாக எங்கள் குடும்ப நாளுக்குச் சமைத்துக் கொண்டு வந்த அந்த அம்மா, அதற்கப்புறம் எங்கள் பக்கமே வரவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

ஆகவே இந்த மாதமே வசூலை நிறுத்தி வையுங்கள். சங்கத்துப் பணத்தை மட்டும் ஒரு தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். இது குழுவின் பணம், என் பணம் அல்ல என்று எழுதிக் கையொப்பமிட்டு இரண்டு பேரைச் சாட்சி வையுங்கள். வீட்டில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். இது தற்காலிக ஏற்பாடுதான். சங்கத்தின் பெயரிலேயே கணக்குத் திறக்க வங்கி பதிவுச் சான்றிதழ், சட்டவிதிகள், கூட்டத் தீர்மானம், கையொப்பமிடுவோர் விவரம் எல்லாம் கேட்கும். அதனால்தான் பதிவு வேண்டும் என்கிறேன்.

சட்டமும் அதையே சொல்கிறது. 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நடத்தும் மன்றம் எதுவும் சங்கம்தான். பதிவு இல்லாமல் அதை நடத்துவது சட்டவிரோதம். நண்பர்கள் நாலு பேர் தே தாரேக் குடிப்பதை யாரும் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் பெயர், சந்தா, பொறுப்பாளர் என்று வந்த பிறகு நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. சங்கப் பதிவிலாகாவின் இரோசஸ் என்ற இணையச் சேவை வழியாக வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். சட்டவிதிகளுக்கு மலாயில் ஒரு மாதிரி வடிவத்தை அவர்களே வைத்திருக்கிறார்கள். புதிதாக எழுதப் போகாதீர்கள், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் மட்டும் நன்றாக யோசியுங்கள்.

ஒன்று, செயலவையின் அளவு. மாதிரி விதிப்படி ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வாக்குரிமை உள்ள உறுப்பினரில் பாதிப் பேர் வர வேண்டும், அல்லது செயலவை எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்கு வர வேண்டும். இரண்டில் எது குறைவோ அது போதும். எல்லாருக்கும் ஒரு பதவி கொடுக்கலாம் என்று 15 பேர் செயலவை வைத்தால் கூட்டம் நடத்த 30 பேர் தேவை. உங்களுக்கு வருவது 15 பேர். ஏழு பேர் செயலவை என்றால் 14 போதும். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், இரண்டு உறுப்பினர்கள். அவ்வளவுதான். கணக்காய்வாளர்களைச் செயலவைக்கு வெளியிலிருந்து எடுங்கள். பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையை அனுப்பிவிட வேண்டும். அதை அனுப்பாமல் விட்டே பல நல்ல சங்கங்கள் பதிவை இழக்கின்றன. செயலாளராகப் பேச்சாளரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், தேதி தவறாதவரைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, யார் உறுப்பினர் என்ற விதி. இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஓய்வு வயதை எட்டி ஓய்வு பெற்றவர் என்று எழுதினால் உங்கள் ஆட்களில் பாதியை நீங்களே வெளியே நிறுத்திவிடுவீர்கள். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் வந்த காலத்தில் அந்த மின்னணுத் தொழிற்சாலைகளின் உற்பத்தி வரிசைகளில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். கல்யாணம், பிள்ளை என்று இடையில் நின்றவர்கள் எத்தனை பேர்! வி.எஸ்.எஸ். என்ற விருப்ப விலகல் திட்டத்தை எடுத்துப் போனவர்கள், ஆட்குறைப்பில் போனவர்கள் வேறு. ஓய்வு வயதே 55ஆக இருந்து, 2013 ஜூலை 1 முதல்தான் குறைந்தபட்சம் 60 ஆனது. ஆகவே வயதை எழுதாதீர்கள். ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ அங்கு வேலை செய்தவர் என்று வையுங்கள். கணவன் அல்லது மனைவியைத் துணை உறுப்பினராகச் சேர்க்க ஒரு விதி கட்டாயம் வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பெயரில் நிறுவனத்தின் பெயரைச் சேர்ப்பதானால் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். பினாங்கில் ஹியூலெட் பேக்கார்டில் வேலைக்குச் சேர்ந்தவர் 1999இல் அஜிலென்ட் ஊழியர் ஆனார். அப்புறம் பிரிவைப் பொறுத்து ஒருவர் 2005இல் அவாகோவுக்கும், இன்னொருவர் 2014இல் கீசைட்டுக்கும் போனார். அவாகோ பிறகு பிராட்காம் ஆனது. இவர்கள் எல்லாரும் ஒரே கேண்டீனில் பசியாறியவர்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பிச் சங்கம் வைத்தால் அடுத்த விற்பனையில் யார் நம் ஆள் என்ற சண்டை வரும். தொழிற்சாலையின் விளையாட்டு மன்றத்தோடு ஒட்டிக்கொள்வதிலும் இதே ஆபத்து உண்டு. மண்டபம் இலவசமாகக் கிடைக்கும், சில ஆண்டு விருந்துக்குப் பணமும் கிடைக்கும். நிர்வாகம் மாறினால் இரண்டும் ஒரே கடிதத்தில் நின்றுபோகும். உதவியை வாங்குங்கள், தனியாக நில்லுங்கள்.

பட்டியல் தர மறுத்தது நியாயம்தான். 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மனிதவளப் பிரிவில் இருப்பவர் முன்னாள் ஊழியரின் தொலைபேசி எண்ணை அவர் சம்மதம் இல்லாமல் தூக்கிக் கொடுக்க மாட்டார். கேட்கும் விதத்தை மாற்றுங்கள். பட்டியலைக் கேட்காதீர்கள். ஒரு பக்க அழைப்புக் கடிதம் தயாரித்து, ஓய்வு பெறுபவருக்குக் கொடுக்கும் கடைசி நாள் ஆவணங்களோடு அதையும் வைக்கச் சொல்லுங்கள். பழையவர்களுக்கு அவர்களே அனுப்பட்டும். விருப்பம் உள்ளவர் உங்களை அழைப்பார். இதை மறுக்கும் நிர்வாகம் குறைவு.

இப்போது மரண உதவி நிதி. வேண்டாம் ஐயா. கணக்கைப் பாருங்கள்: 84 பேர் மாதம் 5 வெள்ளி கட்டினால் ஆண்டுக்கு 5,040 வெள்ளி. ஒரு மரணத்துக்கு 1,000 வெள்ளி என்று வாக்குக் கொடுத்தால் ஆண்டுக்கு ஐந்து பேரோடு பணம் தீர்ந்தது. மண்டப வாடகைக்குக்கூட மிஞ்சாது. உங்கள் உறுப்பினர் எல்லாரும் ஒரே வயதுக்காரர்கள். அடுத்த பத்தாண்டில் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும், கட்டுகிறவர் குறைவார்கள். கடைசியாகப் போகிறவருக்கு ஒன்றும் இருக்காது. சந்தா வாங்கிக்கொண்டு பலன் தருவதாக உறுதி சொல்லும் பரஸ்பர உதவிச் சங்கங்களுக்கு அதே சங்கச் சட்டத்தில் தனி விதிகளும் இருக்கின்றன. ஏழு பேர் செயலவை தூக்கக்கூடிய சுமை அல்ல அது. நாங்கள் செய்தது இதுதான்: சங்கத்திலிருந்து மாலைக்கும் போக்குவரத்துக்கும் 100 வெள்ளி. அதற்கு மேல், செய்தி வந்த அன்றே ஒருவர் உறை எடுத்துக்கொண்டு வசூல் செய்வார், விருப்பப்பட்டவர் விருப்பப்பட்டதைப் போடலாம், காரியத்துக்கு முன் குடும்பத்தார் கையில் போய்விடும். வாக்குறுதி இல்லை, பாக்கியும் இல்லை.

குத்து, அதாவது சீட்டு, கட்டலாம் என்றும் யாராவது கிளம்புவார்கள். 1971இலேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. சங்கத்தின் பெயர் அதில் மாட்டக்கூடாது. முதலீடு, காப்பீடு, சத்து மாத்திரை எதையும் சந்திப்பிலோ புலனக் குழுவிலோ விற்கக்கூடாது என்று முதல் நாளே தீர்மானம் போடுங்கள். ஊழியர் சேமநிதியை எடுத்து வைத்திருக்கும் 84 பேர் ஒரே குழுவில் இருப்பது மோசடிக்காரர்களுக்குப் பெரிய விருந்து. 997 என்ற மோசடிப் புகார் எண்ணைக் குழுவின் மேற்பகுதியில் ஒட்டி வையுங்கள். பணம் போனது தெரிந்த உடனே, அந்த நிமிடமே அழைக்க வேண்டிய எண் அது.

சரி, 50 பேர் 15 ஆனது ஏன்? நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. இரவு, தீவு, உணவகம். உங்கள் சகாக்களில் பலர் ஒரு காலத்தில் தொழிற்சாலைப் பேருந்தில் வந்தவர்கள். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் தெபால், கூலிம் என்று பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். அந்தப் பேருந்து இப்போது இல்லை. எழுபதை நெருங்குகிறவருக்கு இரவில் எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசுகிறது. பிள்ளைகள் காடி ஓட்ட விடுவதில்லை. சந்திப்பைக் காலை பத்து மணிக்கு மாற்றுங்கள். ஒரு மாதம் தீவில், ஒரு மாதம் பெருநிலத்தில். உணவகத்தை விட்டு, மாநகர் மன்றத்தின் சமூக மண்டபமோ சமூகநலத் துறையின் முதியோர் நடவடிக்கை மையமோ பாருங்கள். போய்ப் பார்க்கும்போது கழிப்பறைக்குப் படி ஏற வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள்.

சாப்பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் இருப்பதால் ஹலால் உணவு, மாட்டிறைச்சி இல்லாமல், சைவம் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு. நோன்பு மாதத்தில் பகல் சந்திப்பு வைக்காதீர்கள். தைப்பூச வாரத்தில் தண்ணீர்மலைப் பக்கம் எதையும் வைக்காதீர்கள். புரட்டாசிச் சனிக்கிழமையில் அசைவப் பொட்டலம் வாங்கிப் பாதி மிஞ்சியதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு செய்தாலும் முப்பது பேருக்கு மேல் வருவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வருகைதான் சங்கத்தின் அளவு என்று நினைப்பதை விட்டுவிடுங்கள் ஐயா. முட்டி வலிக்காரர், படுத்திருக்கும் மனைவியைப் பார்த்துக்கொள்பவர், பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருபவர், இவர்கள் வரமாட்டார்கள். இவர்களுக்குத்தான் சங்கம் அதிகம் தேவை. 84 பேரை ஏழு செயலவை உறுப்பினர்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 12 பெயர். மாதம் ஒரு முறை அந்தப் பன்னிரண்டு பேரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று அழைப்பு. புலனத்தில் காலை வணக்கப் படம் அனுப்புவது கணக்கில் சேராது. குரலைக் கேட்க வேண்டும். குரலில்தான் தெரியும், மூச்சு வாங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, சொன்னதையே சொல்கிறாரா என்று. எங்கள் ஆள் ஒருவர் மூன்று நாளாக எடுக்கவில்லை என்று இரண்டு பேர் வீட்டுக்கே போனோம். குளியலறையில் விழுந்து, எழுந்து உட்கார்ந்தவர், போன் எங்கே என்று தெரியாமல் இருந்தார். தனியாக இருப்பவர். இன்றும் நன்றாக இருக்கிறார்.

இதற்குக் கணினி வேண்டாம். ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் போதும். பெயர், வேலை செய்த பிரிவு, வீட்டு முகவரி, இன்னொருவரின் எண், கடைசியாகப் பேசிய தேதி. எழுதும்போதே அவரிடம் சம்மதம் கேட்டு எழுதுங்கள். பிரிவை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒரே ஷிப்டில் இருந்தவர் அழைத்தால் பேச்சு நீளும். ஒன்றாக இரவு ஷிப்ட் பார்த்தவரிடம் சொல்வதை மகனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆகவே பன்னிரண்டு பெயரை வீட்டுப் பகுதி வாரியாகப் பிரிக்காமல் பிரிவு வாரியாகப் பிரியுங்கள்.

ஓர் உறுப்பினர் இறந்துவிட்டால், காரியம் முடிந்த பிறகும் நோட்டில் அவர் பெயர் உள்ள வரியை அடிக்காதீர்கள். துணை உறுப்பினர் விதி வேண்டும் என்று சொன்னேனே, அது இதற்குத்தான். அதே வரியில் அவர் மனைவியின் பெயரையும் எண்ணையும் எழுதி, அடுத்த மாதம் அழைக்கும் முறை யாருடையதோ அவரிடமே விடுங்கள்.