ரீகால் கடிதம் வந்த மினி பஸ்: ஹேண்ட்பிரேக்கை நம்பி ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டில் (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு எஞ்சின் விசையைக் கொண்டுபோகும் தண்டு) குறை என்று தயாரிப்பாளர் வண்டியைத் திரும்ப அழைத்து ரீகால் கடிதம் அனுப்பியிருக்கிறார், மாற்றுப் பாகம் வர மூன்று வாரம் ஆகும், அதுவரை மெதுவாக ஓட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால் போதுமா என்று கேட்டீர்கள். போதாது. உங்களுடையது முன்பக்க எஞ்சின் வண்டி. இந்த ரகத்தில் பலவற்றுக்கு ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒரு டிரம்மில் இருக்கிறது. அது பின்சக்கரத்தைப் பிடிப்பதே புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகத்தான். ஷாஃப்ட் கழன்றால் ஹேண்ட்பிரேக்கும் போச்சு, கியரும் போச்சு. ஓடும்போது கழன்றால் பிரேக் குழாயையும் அறுக்கலாம்.

ஆயர் ராஜா விரைவுச்சாலையில் 50க்கு மேல் போனால் தரை அதிர்கிறது என்றீர்களே, ஷாஃப்டின் முனையில் உள்ள மூட்டு, அதாவது யூனிவர்சல் ஜாயின்ட், தேய்ந்திருக்கலாம். சமதரையில் எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தாலோ, ஓரத்தில் குங்குமம் மாதிரி துருத்தூள் தெரிந்தாலோ வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

எதுவும் தெரியாவிட்டால் வண்டி நல்லது என்று அர்த்தமில்லை. உலோகத்துக்குள் இருக்கும் விரிசல் கைக்கு அகப்படாது. போன மாதம் பரிசோதனையில் பாஸானதும் சாட்சி ஆகாது. அதிர்வு வெறும் டயர் பாலன்ஸாகவும் இருக்கலாம், அதைப் பட்டறைதான் சொல்லணும்.

அப்புறம், சேசிஸ் எண்ணைக் கொடுத்து, உங்கள் வண்டி ரீகாலில் இருக்கிறதா என்று வண்டி நிறுவனத்தின் முகவரிடம் உறுதிசெய்யுங்கள். ரீகால் வேலைக்கு வழக்கமாகக் காசு இல்லை. நீங்கள் ஏற்றிப்போகும் விடுதி ஆட்களுக்கு மாற்று வண்டி தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் காற்றோடு போகும்.