சுரபாயாவில் குறைந்த வாடகைக்கு அறை: வாசகர் கேள்வி, பதில்

இந்தோனேசியாவின் இரண்டாவது பெரிய நகரம் சுரபாயா. கிழக்கு ஜாவாவின் தலைநகரம், பெரிய துறைமுகம். அங்கே சிக்கனமாகத் தங்குவது பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வாடகைத் தொகைகள் தோராயமானவை. ரமலான் பண்டிகையை ஒட்டியும் பள்ளி விடுமுறையிலும் ஏறும்.

மூன்று நாள் தங்கப் போகிறேன். துறைமுகம் பக்கம் அறை மலிவாக இருக்கிறது. அங்கேயே எடுத்துவிடலாமா? (கடலூர் முதுநகர் வாசகர்)

வாடகையைப் பார்க்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: மறுநாள் காலையில் எங்கிருந்து வண்டி ஏறப் போகிறீர்கள்? ஜுவாண்டா விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே சிடோஆர்ஜோவில் இருக்கிறது. தஞ்சோங் பேராக் துறைமுகம் வடக்குக் கோடி. நடுவில் கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற தூரத்துக்குக் குறையாது. அறையில் மிச்சம் பிடித்த பணத்தை டாக்சிக்குக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

ரயிலில் போவதானால் இன்னும் கவனம் வேண்டும். சென்னையில் எழும்பூரும் சென்ட்ரலும் வேறு வேறு என்பதுபோல அங்கே குபெங் வேறு, பாசார் துரி வேறு. மாலாங், புரோமோ எரிமலைக்கு இறங்கும் புரொபோலிங்கோ, பாஞுவாங்கி, யோக்யகர்த்தா போகிறவர்கள் குபெங்கில் ஏற வேண்டும். வடகரை வழியாக செமாராங், ஜகார்த்தா போகும் ரயில்கள் பாசார் துரியிலிருந்து கிளம்பும். குபெங் நிலையத்துக்குப் பழைய பக்கம், புதிய பக்கம் என்று இரண்டு வாசல்கள். வரைபடத்தில் இருநூறு மீட்டர் என்று தெரிகிற விடுதி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தால் பெட்டியோடு சுற்றித்தான் வர வேண்டும். எந்த வாசலுக்குப் பக்கம் என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் மலிவான அறைகள் பழைய நகரத்தில், ஜெம்பாத்தான் மேரா, கெம்பாங் ஜெபுன், அம்பேல் பக்கம் இருப்பவை. பகலில் அருமையான இடம். இரவில் கடைகள் சாத்தியதும், உங்கள் முதுநகர்க் கிட்டங்கித் தெருக்கள்போல ஆளரவம் அடங்கிவிடும். அம்பேலில் சுனான் அம்பேல் என்ற இஸ்லாமிய ஞானியின் அடக்கத்தலத்துக்கு வரும் யாத்ரீகர்களுக்கான எளிய விடுதிகள் உண்டு. அங்கே சூரியன் ஐந்து, ஐந்தரைக்கே உதித்துவிடும், நான்கு மணி வாக்கில் பாங்கு ஒலிக்கும். பேராக்கை ஒட்டிய சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் ஓடும். கப்பல் ஏறுகிற வேலை இல்லையென்றால் அங்கே தங்க வேண்டாம். முதல் தடவை போகிறவருக்கு குபெங் அல்லது துன்ஜுங்கான் சாலைப் பக்கம்தான் எங்கள் சிபாரிசு. பொதுக் குளியலறையோடு விசிறி அறை ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் ருப்பியா, ஏசியும் தனிக் குளியலறையும் உள்ள அறை இரண்டு முதல் மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் ருப்பியா நம் பணத்தில் ஏறத்தாழ 500 முதல் 600 ரூபாய்.

விமான நிலையத்திலிருந்து வரும் டாம்ரி பேருந்தில் 'புராபாயா' என்று எழுதியிருந்தால் அது நகர மையம் அல்ல, தெற்கு எல்லையில் உள்ள பேருந்து நிலையம். ஊர்க்காரர்கள் அதை புங்குராசி என்பார்கள். அங்கே இறங்கி இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். இரவு பிந்தி இறங்கினால் கிராப், கோஜெக் செயலியில் கார் எடுத்துவிடுவது நல்லது.

அறையைப் பார்த்துவிட்டுப் பணம் கொடு என்கிறார்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (முத்தியால்பேட்டை வாசகி)

"போலே லிஹாட் காமார் டூலு?" என்று கேளுங்கள். முதலில் அறையைப் பார்க்கலாமா என்று பொருள். தயங்காமல் சாவியை எடுத்துக்கொண்டு வருவார்கள். காட்ட மறுக்கிற இடத்தில் தங்க வேண்டாம்.

முதலில் ஜன்னல். மலிவு விடுதிகளில் ஜன்னலே இல்லாத உள் அறைகள் நிறைய. ஒளிப்படத்தில் திரைச்சீலை தொங்கும், விலக்கினால் சுவர் இருக்கும். "அடா ஜென்டேலா?" என்று கேட்டு, நீங்களே திரையை விலக்கிப் பாருங்கள். காற்றோட்டமில்லாத அறையில் துவைத்த துணி காயாது, மெத்தையிலும் ஈரவாடை ஏறும். தீப்பிடித்தால் வெளியேற ஒரே வழி கதவுதான். கூடுதலாக இருபதாயிரம், முப்பதாயிரம் ருப்பியா ஆனாலும் ஜன்னல் உள்ள அறையைக் கேளுங்கள்.

அடுத்து குளியலறை. 'காமார் மண்டி டாலாம்' என்றால் அறைக்குள்ளேயே, 'லுவார்' என்றால் வெளியே பொதுவாக. பழைய விடுதிகளில் ஷவர் இருக்காது. மூலையில் இடுப்பளவு உயரத்தில் ஓடு பதித்த தொட்டி, மேலே ஒரு குழாய், கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் சொம்பு இருக்கும். சொம்பை 'காயுங்' என்பார்கள். நம் வீட்டுத் தொட்டியில் மொண்டு குளிப்பதைப் போலத்தான். உள்ளே இறங்கவோ சோப்புக் கையை விடவோ கூடாது, அடுத்தவருக்கும் அதே தண்ணீர். கைப்பேசி விளக்கைத் தொட்டிக்குள் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் பட்டதும் நெளிந்து கீழே இறங்குபவை கொசுப்புழுக்கள். டெங்கு உள்ள ஊர் அது. தொட்டியை வடித்துத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், செய்வார்கள். அடியில் மணல் போன்ற துகள்கள் கிடந்தால் அது கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து. 100 லிட்டருக்கு 10 கிராம் போடுவது அங்கே வழக்கம். குளிக்கலாம். வாய் கொப்பளிக்கவும் பல் துலக்கவும் குடிதண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் எங்கேயுமே குடிப்பதற்கில்லை. வராந்தாவில் 19 லிட்டர் கேன் வைத்த டிஸ்பென்சர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூன்று நாள் தண்ணீர்ச் செலவு மிச்சம்.

ஏசியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். அங்கே ஏசியை டன்னில் சொல்வதில்லை, பி.கே. என்பார்கள். 1 பி.கே. நம் கணக்கில் முக்கால் டன். மலிவு அறையில் பெரும்பாலும் அரை பி.கே. இருக்கும், சிறிய அறைக்கு அது போதும். உள்பெட்டிக்குக் கீழே சுவரில் பழுப்புக் கறை வடிந்திருந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது, இரவில் கட்டில்மேல் சொட்டும். வேறு அறை கேளுங்கள்.

கடைசியாக வரி. "சுடா டெர்மாசுக் பாஜாக்?" (வரி சேர்ந்ததா?) என்று கேளுங்கள். சின்ன விடுதிகள் பெரும்பாலும் சேர்த்தே சொல்லும். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் தனி, பில் ஐந்தில் ஒரு பங்கு ஏறும்.

விடுதி அனுப்பிய செய்தியில் ஓர் இரவுக்கு 150.000 என்று இருக்கிறது. நூற்றைம்பதா? (பண்ருட்டி வாசகர்)

ஒன்றரை லட்சம். அவர்கள் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள். '150rb' என்றாலும் அதேதான், 'ரிபு' என்றால் ஆயிரம், 'ஜுத்தா' பத்து லட்சம். சிவப்பு நோட்டு ஒரு லட்சம், ஊதா நோட்டு பத்தாயிரம். மங்கிய விளக்கில் அவசரமாகக் கொடுக்கும்போதுதான் மாறிப்போகும், ஆகவே தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டாலர் கொண்டுபோனால் மடிப்பும் எழுத்தும் இல்லாத புதுத் தாளாக இருக்கட்டும். கசங்கியதை வாங்க மாட்டார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள். அறையைப் பார்ப்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் பேசி வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்.

வரவேற்பில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் என்ன செய்வது? புதிதாகத் திருமணமானவர்கள், என் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இன்னும் ஏறவில்லை. (நெல்லித்தோப்பு வாசகி)

வெளிநாட்டினர் தங்கினால் அந்த விவரத்தைக் குடிவரவுத் துறைக்குத் தர வேண்டியது விடுதிக்காரரின் கடமை. 2011-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதற்கு நகல் போதும். முதல் பக்கத்தையும் விசாவையும் ஆளுக்கு நான்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலைக் காட்டுங்கள், பதிந்ததும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சாவிக்கு ஈடாகத்தான் கேட்கிறார்கள் என்றால் முன்பணமாக ரொக்கம் தருகிறேன் என்று சொல்லி, ரசீது வாங்கி வையுங்கள். சின்ன விடுதியில் பணியாளர் முறை மாறும்போது பாஸ்போர்ட் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று தெரியாமல் போவது உண்டு, காலை ஐந்து மணி ரயிலுக்குப் போகிறவர் அதனால் தவித்துப்போவார்.

'ஷரியா' என்று பலகையில் எழுதிய விடுதிகளில் ஆணும் பெண்ணும் ஒரே அறை கேட்டால் திருமண அத்தாட்சி கேட்பார்கள். நம் பெயர்களில் இனிஷியல் வேறு வேறாக இருப்பது அவர்களுக்குக் குழப்பம் தரும். ஆங்கிலத்தில் உள்ள பதிவுச் சான்றிதழின் நகலை எடுத்துப் போங்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நம் ஊர் சார்ஜர் அங்கே செல்லுமா? (விருத்தாசலம் வாசகர்)

கைப்பேசியின் மெல்லிய இரட்டை முள் செல்லும், மின்சாரமும் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ்தான். மூன்று முள் பிளக் செல்லாது, இரட்டை உருண்டை முள்ளுக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

சைவம் மட்டுமே சாப்பிடுகிறோம். விடுதி அறையில் சமைக்க முடியுமா? (வடலூர் வாசகர்)

பெரும்பாலான விடுதிகள் அறைக்குள் அடுப்பை அனுமதிப்பதில்லை. ஹோம்ஸ்டே, ஹாஸ்டல்களில் பொதுச் சமையலறை இருக்கும், அறை எடுக்கும்போதே கேளுங்கள். இன்டக்‌ஷன் அடுப்பைச் சுமந்து போகாதீர்கள். வீடாக இருந்து விடுதியானவற்றில் பல 900 அல்லது 1300 வி.ஏ. மின் இணைப்பில் ஓடுபவை. மொத்த வீட்டுக்கும் நான்கு முதல் ஆறு ஆம்பியர்தான். ஏசி ஓடும்போது 1000 வாட் கெட்டிலைப் போட்டாலே சுவிட்ச் விழுந்து வீடே இருண்டுவிடும். 300 வாட் அளவில் ஒரு சின்ன ரைஸ் குக்கர், அதுவும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு.

வெளியே சாப்பிடும்போது 'டான்பா டாகிங்' (இறைச்சி வேண்டாம்) என்று சொன்னால் மட்டும் போதாது. கிழக்கு ஜாவாவின் சாப்பாட்டில் 'பெத்திஸ்' என்ற கறுப்பு இறால் சாறும் 'தெராசி' என்ற இறால் விழுதும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். லொன்தோங் பாலாப், தாஹு தேக் இரண்டும் பார்க்க சைவம்தான், இரண்டிலும் பெத்திஸ் உண்டு. "டான்பா பெத்திஸ், டான்பா தெராசி, டான்பா ஈக்கான், டான்பா தெலூர்" என்று ஒரு தாளில் எழுதி வைத்துக் காட்டுங்கள். கடைசி இரண்டும் மீன், முட்டை. வெந்த காய்கறியின்மேல் வேர்க்கடலைச் சாறு ஊற்றும் பெச்செல் உங்களுக்கு ஒத்துவரும், சாறு அரைத்ததில் தெராசி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, மேலே வைக்கும் அப்பளத்தைத் தவிர்த்துவிடுங்கள். தெம்பே, தாஹு இரண்டும் சோயா, எங்கும் கிடைக்கும். எண்ணெய் பொதுவாக இருக்கும், அதே சட்டியில்தான் கோழியும் பொரிப்பார்கள். அதுவும் கூடாது என்பவர்கள் ரைஸ் குக்கரையே நம்புங்கள். அவலும் பருப்புப்பொடியும் ஒரு கிலோ கையில் இருந்தால் முதல் இரண்டு நாள் கவலையில்லை.

மகனுக்கு சுரபாயா தொழில்நுட்பக் கழகத்தில் ஆறு மாதப் படிப்பு. விடுதி கட்டுபடியாகாது. மாத வாடகைக்கு என்ன வழி? (காலாப்பட்டு வாசகி)

'கோஸ்' என்று கேளுங்கள். வீட்டுக்காரர் பல அறைகளைத் தனித்தனியாக மாதத்துக்கு விடும் முறை அது. அந்தக் கழகத்தைச் சுற்றி கெபுதி, கெபாங் பகுதிகள் முழுக்க மாணவர் கோஸ்தான். 'புத்ரா' ஆண்களுக்கு, 'புத்ரி' பெண்களுக்கு, 'சம்புர்' இருபாலருக்கும். 'கோசோங்கான்' என்று போட்டிருந்தால் வெறும் அறை, மெத்தைகூட இருக்காது. ஆறு மாதத்துக்குக் கட்டிலும் மேசையும் வாங்கினால் கணக்கு உதைக்கும்.

இணையத்தில் பார்த்து ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். முதல் வாரம் நாள் வாடகை விடுதியில் இருந்து, நேரில் நான்கைந்து இடம் பார்க்கட்டும். மழைக்காலமாக, அதாவது நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள், இருந்தால் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று எதிர்க்கடையில் விசாரிக்கட்டும், வீட்டுக்காரர் இதைச் சொல்ல மாட்டார். இரவு வாசல் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், நண்பர்கள் வரலாமா, தண்ணீர், வைஃபை வாடகையில் சேர்த்தியா என்பதையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

மின்சாரம் பல இடங்களில் முன்கட்டண மீட்டர். இன்டோமாரெட், அல்ஃபாமார்ட் கடையில் மீட்டர் எண்ணைச் சொல்லிப் பணம் கட்டினால் 20 இலக்க எண் அச்சடித்துத் தருவார்கள். அதை மீட்டரில் அழுத்த வேண்டும். யூனிட் தீரப்போனால் மீட்டர் கீச்சிடும், கவனிக்காமல் தூங்கினால் நடு இரவில் விசிறி நிற்கும். குடிபுகும் அன்றே மீட்டரில் மிச்சம் உள்ள யூனிட்டைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

தெருமுனையில் 'தாமு வாஜிப் லாப்போர் 1×24 ஜாம்' என்ற பலகை இருக்கும். புதிதாகத் தங்குபவர் ஒரு நாளுக்குள் தெருத் தலைவரிடம் பதிய வேண்டும் என்பது அதன் பொருள். வீட்டுக்காரர் நகல் வாங்கிப் போய்ப் பதிவார், பதிந்தாரா என்று மகன் கேட்டுவிட வேண்டும். இன்னொன்று: விமான நிலையத்தில் 5 லட்சம் ருப்பியா கட்டி வாங்கும் விசா 30 நாளுக்கு, ஒரு முறை நீட்டிக்கலாம், அவ்வளவுதான். படிப்புக்கு அது செல்லாது. கழகத்தின் வழியாக உரிய அனுமதி வந்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள்.

பெல்னி (இந்தோனேசிய அரசுக் கப்பல் நிறுவனம்) கப்பலில் சுலவேசித் தீவின் மக்காசார் போக வேண்டும். கப்பலுக்கு முந்தின இரவு எங்கே தங்குவது? (தேவனாம்பட்டினம் வாசகர்)

இங்கேதான் பேராக் பக்கத்து விடுதி பொருந்தும். பயணிகள் முனையத்தின் பெயர் காபுரா சூர்யா நுசாந்தாரா. டிரைவரிடம் வெறுமனே பேராக் என்று சொன்னால் சரக்கு வாசலிலோ மதுரா தீவுப் படகுத் துறையிலோ இறக்கிவிடக்கூடும், முழுப் பெயரைச் சொல்லுங்கள். கப்பல் முந்தைய துறைமுகத்தில் தாமதமானால் இங்கே பல மணி நேரம் தள்ளிப்போகும். அதனால் மதியம் 12 மணிக்குக் காலி செய்யச் சொல்லும் விடுதியில், மாலை வரை இருக்க அரை நாள் வாடகை எவ்வளவு என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மக்காசாரில் அறையை ரத்து செய்யக்கூடியதாகப் பதியுங்கள். பயணச்சீட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எகானமி வகுப்பில் வரிசைப் படுக்கைகள்தான், பைக்கு ஒரு பூட்டும், கட்டில் காலோடு பையைப் பிணைக்க ஒரு மீட்டர் சங்கிலியும் கொண்டுபோங்கள்.