ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் மூச்சுப் பெயர்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

நெஞ்சக நோய் மருத்துவராக இருக்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியிலோ ஸ்கேன் ரிப்போர்ட்டிலோ புரியாத பெயர் இருந்தால் கேளுங்கள். மருந்துச் சீட்டை மட்டும் மாற்றித் தர மாட்டேன். திணறும்போது அடிக்கும் நீல இன்ஹேலர் (சால்பியூட்டமால்) ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஆஸ்துமாவை ஓட்டுகிறவர்கள் முதலில் உங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சம்மரியில் டிஸ்ப்னியா, ஆர்த்தாப்னியா, பி.என்.டி. என்று போட்டிருக்கிறார்கள். மூன்று நோயா டாக்டர்?

பதில்: ஒன்றுகூட நோயின் பெயர் இல்லை. அப்பா சொன்ன தொந்தரவைத்தான் எழுதியிருக்கிறார்கள். டிஸ்ப்னியா என்றால் மூச்சுத்திணறல், அவ்வளவுதான். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் சரியானால் அது ஆர்த்தாப்னியா. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று கேட்டிருப்பார்களே, இதற்காகத்தான். நன்றாகத் தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து ஜன்னல் பக்கம் ஓடினால் பி.என்.டி.

கடைசி இரண்டும் சேர்ந்து வந்தால் நாங்கள் முதலில் இதயத்தைத்தான் பார்ப்போம். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. இதயம் பலவீனமாக இருந்தால் அதைத் தள்ள முடியாமல் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். இதயத்துக்கான ஸ்கேன், அதாவது எக்கோ எடுத்திருந்தால் அதில் ஈ.எஃப். என்று ஒரு சதவீதம் இருக்கும்; ஒரு துடிப்பில் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவைத் தள்ளுகிறது என்ற கணக்கு அது. அதோடு இதய மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தை, சளி. டேகிப்னியா என்று சீட்டில் இருக்கிறது. பயமாக இருக்கிறது மேடம்.

பதில்: வேகமான மூச்சு என்று பொருள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 12 மாதத்துக்குள் 50, அதற்கு மேல் 5 வயது வரை 40. இதைத் தொட்டாலே வேகம்தான். எண்ணிக்கை எதுவானாலும், மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், கிளம்புங்கள்.

கேள்வி: மூச்சு வாங்கினாலே ஆஸ்துமாதானே?

பதில்: இல்லை. ரத்தசோகைக்கும் வாங்கும், இதயக் கோளாறுக்கும் வாங்கும்.

கேள்வி: நூற்பாலையில் கார்டிங் (பஞ்சைச் சீவும்) பிரிவில் 22 வருடம் வேலை. பீடி, சிகரெட் கிடையாது. ரிப்போர்ட்டில் 'சி.ஓ.பி.டி.? பைசினோசிஸ்?' என்று கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறார்கள். எக்ஸ்ரே நார்மல்.

பதில்: ஐயா, அந்தக் கேள்விக்குறி போட்ட டாக்டரை விட்டுவிடாதீர்கள், சரியாக யோசித்திருக்கிறார். சி.ஓ.பி.டி. என்றால் காற்று வெளியேறும் பாதை நாள்பட அடைபட்டுப்போகும் நுரையீரல் நோய். பைசினோசிஸ் பஞ்சுத் தூசியால் வருவது. தூசி அதிகம் பறக்கும் ப்ளோ ரூம் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் இடம்), கார்டிங் ஆட்களுக்குத்தான் கூடுதல் ஆபத்து.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: ஆரம்ப வருடங்களில் எந்த நாள் மோசமாக இருந்தது? வார விடுமுறை முடிந்து ஷிப்டுக்குப் போன முதல் நாள் நெஞ்சைப் பிடித்து இறுக்கி, அடுத்தடுத்த நாள் குறைந்திருந்தால், அது பைசினோசிஸின் நடை. வேலையிடத்தில் வரும் ஆஸ்துமா பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. வாரம் போகப்போகக் கூடி, லீவில் தணியும். பைசினோசிஸ் முற்றிய பிறகு எல்லா நாளும் ஒன்றுதான். அப்போது பீடி குடித்தவரின் சி.ஓ.பி.டி.யிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். அதனால்தான் பழைய கதையைக் கேட்கிறேன்.

எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் இல்லை. நார்மல் என்றதும் நிம்மதியாக வேண்டாம். ஸ்பைரோமெட்ரி ஊதிப் பாருங்கள். முடிந்தால் விடுமுறை முடிந்த முதல் நாள், ஷிப்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. முதல் நொடியில் வெளியே தள்ளும் காற்றின் அளவு, அதாவது எஃப்.இ.வி.1, குறைகிறதா என்று தெரியும். ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகினால் மீளலாம். முற்றினால் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை. அப்புறம் ஒன்று: சட்டப்படியான தொழில்சார் நோய்ப் பட்டியலில் இது இருக்கிறது. கேள்விக்குறி நீங்கி உறுதியானால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிராங்கியெக்டாசிஸ், எம்ஃபசீமா, ஐ.எல்.டி. எல்லாம் ஒன்றா?

பதில்: முதலாவது, மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்து சளி தேங்குவது. இரண்டாவது, காற்றுப்பைகளின் சுவர் சிதைவது. மூன்றாவது, நுரையீரல் திசு வீங்கியோ தழும்பாகியோ இறுகும் பல நோய்களுக்கு ஒரு பொதுப்பெயர். அதில் எது என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பையனுக்கு ஐந்து வயது, வீசிங். வீட்டில் நெபுலைசர் வாங்கிவிடலாமா? இன்ஹேலர் பழகிவிடும் என்று மாமியார் சொல்கிறார்.

பதில்: பழகாது. இன்ஹேலரோடு ஸ்பேசரும் (அதன் முனையில் மாட்டும் குழாய்) மாஸ்க்கும் போதும். மாஸ்க்கை மூக்கையும் வாயையும் மூடி அழுத்தி, இன்ஹேலரைக் குலுக்கி ஒரு பஃப், குழந்தை ஐந்தாறு தடவை மூச்சுவிடட்டும், மறுபடி குலுக்கி அடுத்த பஃப். இரண்டையும் சேர்த்து அடிக்கக் கூடாது.

இடையில் ஒருவர்: நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலேயே நெபுதான் வைக்கிறார்கள். வீட்டில் வைத்தால் மட்டும் என்ன தப்பு?

பதில்: ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் இருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறார். உயிருக்கு ஆபத்தில்லாத திணறலுக்கு ஸ்பேசரும் நெபுவுக்கு இணையாக வேலை செய்கிறது. வீட்டில் கப்பைக் கழுவாமல் வைப்பார்கள். அதைவிட மோசம், மூன்று நெபு வைத்துப் பார்த்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இன்னொருவர்: இன்ஹேலர் ஸ்ட்ராங். அதனால்தான் நாங்கள் சிரப்பும் மாத்திரையும் கொடுக்கிறோம்.

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அதைப் போல 40 மடங்கு. அது ரத்தம் வழியாக உடம்பு முழுக்கச் சுற்றி, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, அப்புறம்தான் நுரையீரலுக்கு வருகிறது. எது ஸ்ட்ராங்?

அதே மருந்துக்கடைக்காரர்: நீலத்தை மட்டும் கேட்டு வாங்குகிறவர்கள்தான் ஜாஸ்தி.

பதில்: அதைத்தான் ஆரம்பத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்! நீலம் அந்த நேரத்துச் சுருக்கத்தை விரிக்கும், உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. 2019 முதல் ஜினா என்ற உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டுதலே பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஆஸ்துமாவில் அதை மட்டும் கொடுக்காதீர்கள் என்கிறது. கேட்டவரிடம் 'அழற்சியைக் குறைக்க இன்னொன்று எழுதித் தந்தார்களே, அது எங்கே?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களால் முடியும்.

கேள்வி: எந்த கம்பெனி நெபுலைசர் நல்லது?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: ஆடாதோடை கஷாயம்?

பதில்: என் துறை இல்லை, சித்த மருத்துவரைக் கேளுங்கள். இன்ஹேலரை நிறுத்திவிட்டுக் குடிக்காதீர்கள்.

கேள்வி: பாட்டி ஐ.சி.யு.வில். 'செய்ன் ஸ்டோக்ஸ்' என்று பேசிக்கொண்டார்கள்.

பதில்: மூச்சு மெல்ல ஆழமாகி, மெல்லக் குறைந்து, சில நொடி நின்று, மறுபடி தொடங்கும் ஒழுங்கு அது. ஜான் செய்ன் 1818-லும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-லும் எழுதி வைத்ததால் இந்தப் பெயர். இதயச் செயலிழப்பிலும் பக்கவாதத்திலும் பார்ப்போம், கடைசி நாட்களிலும் வரும். பாட்டிக்கு எதனால் என்று அங்கிருக்கும் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். இங்கிருந்து நான் ஊகித்துச் சொல்வது சரியாக இருக்காது.

கேள்வி: வீட்டுக்காரர் குறட்டை விடும்போது நடுவில் மூச்சு நிற்கிறது. வீசிங்கா? நெபு வைக்கலாமா?

பதில்: நெபுவை விடுங்கள் அம்மா! பத்து நொடியோ அதற்கு மேலோ நின்றால் அப்னியா. தொண்டை அடைத்துக்கொள்வதால் வருவதாக இருக்கலாம். தூக்கத்தில் மூச்சைப் பதிவு செய்யும் ஸ்லீப் ஸ்டடி எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அதில் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது, குறைகிறது என்ற எண் வரும். 30-ஐத் தொட்டால் கடுமையானது. அதுவரை ராத்திரி வண்டி ஓட்ட விடாதீர்கள்.