லைட்டே எரியுதில்லை! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போன கிழமை இடி மின்னலோடு கரண்ட் போய் ஒரு மணித்தியாலம் கழித்து வந்தது. டீவி, பிரிட்ஜ் எல்லாம் வேலை செய்கின்றன. சப்வூஃபர் மட்டும் செத்துப் போன மாதிரிக் கிடக்கிறது, லைட்டே எரியுதில்லை. இவர் பின்பக்கத்தைக் கழற்றப் போகிறேன் என்று நிற்கிறார். விடலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: முதலில் அந்த ஸ்குரூ ட்ரைவரை வாங்கி ஒளித்து வையுங்கள் அக்கா. இப்போது வரும் சப்வூஃபர்கள் பலவற்றில் கரண்டை செட்டுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பகுதியாக சுவிட்சிங் பவர் சப்ளைதான் இருக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் அதற்குள்ளே சுமார் 325 வோல்ட் டீசியாக மாறி, கரண்டைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகத்தில் நிற்கும். நல்ல செட்டில் பிளக்கைக் கழற்றினால் கொஞ்ச நேரத்தில் அது இறங்கிவிடும், பழுதான செட்டில் இறங்க வழியில்லாமல் அப்படியே நிற்கலாம். லைட் எரியவில்லைதானே என்று கை வைக்கிறவருக்குத்தான் அடி விழும்.

திறக்காமலே பார்க்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. அதே பிளக் பொயின்ட்டில் ஒரு மேசை விசிறியைப் போட்டுப் பாருங்கள். நடுவில் எக்ஸ்டென்ஷன் வயர் இருந்தால் அதை விலக்கிவிட்டு நேரே சுவரில் போடுங்கள். இரண்டு ஊசிப் பிளக்கை 13 ஆம்பியர் பொயின்ட்டுக்குள் தள்ளுவதற்காக மேல் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தும் பழக்கம் நம்மில் பாதிப் பேரிடம் உண்டு. அப்படிப் போட்ட பிளக் ஆடிக்கொண்டே இருக்கும், உள்ளே தீப்பொறி பறந்து பித்தளை கருகி ஒருநாள் தொடுப்பே விட்டுப்போகும். கொஞ்ச ரூபாய்க்கு அடாப்டர் கிடைக்கிறபோது எதற்கு இந்த விளையாட்டு?

உங்களுடையது சதுர ஊசிப் பிளக் என்றால் அதற்குள்ளேயே ஒரு பியூஸ் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. உருண்டை ஊசிப் பிளக்கில் அது கிடையாது. வீட்டில் நன்றாக எரியும் மேசை விளக்கின் பிளக்கிலிருந்து பியூஸைக் கழற்றி இதில் போட்டுப் பாருங்கள். அடுத்து வயர். செட்டின் பின்னால் செருகும் வயர் கம்ப்யூட்டருக்குப் போடுகிற அதே மாதிரி என்றால் கம்ப்யூட்டர் வயரையே செருகிப் பார்க்கலாம்.

இதற்கும் மசியவில்லையா? சரி, பிளக்கைச் சுவரிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டு, செட்டில் வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள், பல மாடல்களில் குட்டி லாச்சி மாதிரி ஒன்று இருக்கும். நகத்தால் இழுத்தால் கண்ணாடிப் பியூஸ் வெளியே வரும், சிலதில் மிச்சமாக இன்னொன்றும் பக்கத்தில் படுத்திருக்கும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்து உள்ளே கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால் பெரும்பாலும் கரண்ட் வந்த வேகத்திலோ வயதாலோ போயிருக்கும். அதே அளவுப் பியூஸைப் போட்டால் செட் எழும்பிவிட வாய்ப்புண்டு. கண்ணாடி கறுத்தோ வெள்ளி பூசியது போலவோ இருந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட், அனேகமாக பவர் சப்ளையில் ரெக்டிபயர் என்ற பாகமோ பவர் ட்ரான்சிஸ்டரோ போயிருக்கும். அப்போது எத்தனை பியூஸ் போட்டாலும் டப்பென்று போய்க்கொண்டேதான் இருக்கும். வாங்கும்போது ஆம்பியர் எண்ணோடு முன்னால் உள்ள எழுத்தையும் பாருங்கள். T என்றிருந்தால் மெதுவாக உருகும் வகை, F என்றிருந்தால் சட்டென்று உருகுவது. T கேட்கும் செட்டுக்கு F போட்டால் சுவிட்சைப் போட்ட கணமே அது போய்விடலாம். பெரிய ஆம்பியர் போடுவதும் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவதும் வீட்டுக்குத் தீ வைக்கிற வேலை. இவருக்கு அதையும் சொல்லி வையுங்கள்.

பின்பக்கத்தில் ஆட்டோ, ஒன் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதை ஒன் பக்கம் தள்ளிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். ஆட்டோவில் இருந்தால் டீவியிலிருந்து போதிய சத்தம் வரும்வரை சப்வூஃபர் தூங்கும், சில மாடல்களில் அப்போது லைட்டும் எரியாது. இது எதுவும் சரிவராவிட்டால் செட் திருத்துகிற பாஸிடம் கொண்டுபோங்கள். இனிமேல் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் இருட்டினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது மின்னலுக்குப் போதாது.

கேள்வி: எங்கள் அம்ப்ளிபயர் எரிகிறது, மூன்று நான்கு செக்கனில் 'டிக்' என்று அணைந்துவிடுகிறது. பவர் சப்ளை பழுதா? (வாசகர், தெஹிவளை)

பதில்: பவர் சப்ளையைச் சந்தேகப்படுவதற்கு முன் ஸ்பீக்கர் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். அணையாமல் நின்றால் பெரும்பாலும் செட்டில் பிழையில்லை, வயரிலோ ஸ்பீக்கரிலோதான். முறுக்கிய செப்பு இழைகளில் ஒன்று பக்கத்து முனையைத் தொட்டாலே போதும், செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் படுத்துவிடும். தெஹிவளையில் கடல் பக்கத்து வீடு என்றால் வயர் முனை பச்சை பிடித்திருக்கவும் கூடும், கொஞ்சம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். வயர் இல்லாமலும் அணைந்தால் ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பும் அவுட்புட் பகுதி போயிருக்கலாம், காற்றோட்டத் துளையால் உள்ளே போன பல்லி போர்டில் காய்ந்து ஒட்டிக்கொண்டும் இருக்கலாம். சிரிக்க வேண்டாம், பாஸ்மாரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பாவித்த அம்ப்ளிபயர் ஒன்று வாங்கி, வீட்டுக்கு வந்து பிளக்கில் போட்டேன். ஒரு செக்கன் லைட் வந்தது, பிறகு ஒன்றுமே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், மட்டக்குளி)

பதில்: பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்தீர்களா? அங்கே 100V என்றுதான் இருக்கும் தம்பி, ஜப்பானில் வீட்டுக் கரண்ட் அவ்வளவுதான். இங்கே அதன் இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்திருக்கிறீர்கள். விற்றவர் வாய் திறக்காதது பிழைதான், ஆனால் அவர் தந்த செட் அதுவரை நல்லதாக இருந்திருக்கலாம். பியூஸோடு போயிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சில ட்ரான்ஸ்போமர்களின் சுற்றுக்குள்ளேயே சூட்டுக்கு அறுந்துபோகும் ஒரு பியூஸை வைத்திருப்பார்கள், அது போனால் ட்ரான்ஸ்போமரையே அவிழ்க்க வேண்டிவரும். பாஸ் மீட்டர் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். சரிசெய்த பிறகு 230 வோல்ட்டை 100 ஆக இறக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்று கட்டாயம் வேண்டும், லேபிளில் உள்ள வாட்ஸை விடக் கொஞ்சம் கூடுதலானதாகப் பாருங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் விசாரிக்கலாம்.

கேள்வி: என் த்ரீவீலில் பூட்டிய அம்ப் திடீரென்று எரிவதில்லை. பியூஸ் நல்லது. (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: எந்தப் பியூஸைப் பார்த்தீர்கள்? அம்பில் ஒன்று, பெட்டரிக்குப் பக்கத்தில் வயரில் இன்னொன்று இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் பட்டுத் துருப்பிடிப்பது இரண்டாவதுதான். இரண்டும் சரியென்றால் REM என்று எழுதிய முனையைப் பாருங்கள். ரேடியோ செட்டிலிருந்து அம்பை எழுப்ப வரும் நீல வெள்ளை வயர் அதற்குத்தான், அதில் 12 வோல்ட் வராவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அம்ப் விழிக்காது. சின்ன வயர்த் துண்டால் பொசிட்டிவ் முனையையும் REM-ஐயும் ஒருகணம் தொடுத்துப் பாருங்கள், பக்கத்து எர்த் முனையில் பட்டுவிடாமல். எரிந்தால் அம்ப் நல்லது, செட்டிலோ நீல வயரிலோதான் கோளாறு. அப்படியே நிரந்தரமாகத் தொடுத்து வைத்தால் விடியும்போது பெட்டரி இறங்கிக் கிடக்கும், முதல் ஹயரே போய்விடும். எரியாவிட்டால் எர்த் வயரைப் பூட்டிய இடத்தில் பெயின்டைச் சுரண்டி இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: திருத்துவதா, புதிது வாங்குவதா? (பலர்)

பதில்: பழுது பவர் சப்ளையில் மட்டும் என்றால் திருத்துங்கள். முழு போர்டையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால், என்ன போனது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், கழற்றிய சாமானையும் திருப்பிக் கேளுங்கள். தர மாட்டேன் என்கிறவரிடம் செட்டை விட்டுவிட்டு வர வேண்டாம்.