இடம் மாறிய பிறகு விடுமுறை நாளை வெளியில் கொண்டாடுவது எப்படி?

கேள்வி: வேறு பகுதிக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது. முன்பெல்லாம் பண்டிகை விடுமுறை என்றால் உறவினர்கள் அனைவரும் ஒரே வீட்டில் கூடுவோம். இப்போது நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் மட்டும்தான். வெளியில், இயற்கையோடு சேர்ந்த ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கும் ஆசையில் சென்ற விடுமுறையில் மலையேறப் போய், மழையில் பாதியிலேயே திரும்பினோம். 13 வயது மகன் இனி வரமாட்டேன் என்கிறான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மலையேற்றத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வீடு நிறைய உறவினர்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், புதிதாக எதைச் செய்தாலும் பழைய விடுமுறையோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். பெரிதாகத் திட்டமிட்டால் ஏமாற்றமும் பெரிதாகும். அரைநாளில் முடிவதும், அதிக ஏற்பாடு இல்லாமல் அடுத்த ஆண்டும் செய்யக்கூடியதுமான ஒன்றே போதும். இரண்டாம் முறையும் மனமுவந்து கிளம்புவார்களா என்பதை மட்டும் பாருங்கள். ஒரு செயல் வழக்கமாவது அப்போதுதான்.

எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் முன், முந்தைய விடுமுறையில் எதை அதிகம் இழந்ததாக உணர்கிறார்கள் என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். குடும்ப வழக்கங்கள் குறித்த ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, உளவியலாளர் பார்பரா ஃபீஸும் அவருடைய குழுவினரும் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அன்றாட நடைமுறை என்பது வேலையை முடிப்பதற்கானது. சடங்கோ ‘நாம் யார்’ என்பதைச் சொல்வது, முடிந்த பிறகும் மனத்தில் நிற்பது என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். உங்கள் குடும்பத்தில் அப்படி மனத்தில் நிற்பது எது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் அது சின்னஞ்சிறியதாகவே இருக்கும். சொந்தக்காரப் பிள்ளைகளோடு நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்ததுதான் என்று மகன் சொன்னால், அவனுக்கு வேண்டியது மலை அல்ல, இரவு.

பழையதில் ஓர் இழையை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுவது எவ்வளவு உறுதியாக நிலைக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அணி பிரிந்து வேட்டைக்குப் போவார்கள். அதிக உயிர்களைச் சுட்டு வீழ்த்தும் அணிக்கே வெற்றி. பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1900இல், சுடுவதற்குப் பதிலாகப் பறவைகளை எண்ணலாமே என்றார். அந்த டிசம்பர் 25 அன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. அதே விடுமுறை, வெளியே கிளம்பும் அதே உற்சாகம், எண்ணிக்கையில் அதே ஆர்வம். துப்பாக்கி மட்டும் போய்விட்டது.

அடுத்து, புதிய இடத்தின் பருவம். உங்கள் விடுமுறை வரும் வாரங்களில் அங்கே என்ன பூக்கிறது, எந்தப் பறவைகள் வந்து சேர்கின்றன, எத்தனை மணிக்கு இருட்டுகிறது? நெடுங்காலம் அங்கேயே வாழும் அண்டை வீட்டாரும் பூங்கா ஊழியர்களும் சொல்வது வானிலை அறிக்கையை விட உதவும். பழைய இடத்துப் பழக்கத்தை நம்பி உடுத்துவதில்தான் பலர் தவறுகிறார்கள். 1,000 மீட்டர் மேலே ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப்போகப் போகக் குளிர்காலப் பகலும் சுருங்கும். நனைந்த பருத்தி ஆடை உடற்சூட்டைத் தக்கவைக்காது. காற்றும் ஈரமும் சேர்ந்தால், தண்ணீர் உறையாத குளிரிலேயே உடல் ஆபத்தான அளவுக்குக் குளிர்ந்துவிடக்கூடும். சென்ற முறை பாதியில் திரும்பியது சரியான முடிவு, அதை மகனிடமும் சொல்லுங்கள். இனி மழைக்கும் ஒரு சிறிய வடிவம் வைத்திருங்கள்: அதே இடம், கூரையடியில் அரைமணி நேரம், பிறகு வீடு. நாள் தவறாமல் இருந்தால் போதும், நேரம் குறையலாம்.

உங்கள் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது இரவு வானம். மாமியார் நடக்க வேண்டியதில்லை, நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். நடுவே ஒரு முறை கைப்பேசி வெளிச்சத்தைப் பார்த்தாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். தேவையானால் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் வைத்துக்கொள்ளலாம். விடுமுறை டிசம்பரில் என்றால், 13, 14 தேதிகளை ஒட்டி ஜெமினிட் எனப்படும் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும். ஆகஸ்ட் என்றால் 12, 13ஐ ஒட்டி பெர்சியிட். இது வடக்கு அரைக்கோளத்தில் நன்றாகத் தெரியும். நிலவொளி மிகுந்த ஆண்டில் எரிகற்களை விட்டுவிட்டு நிலவையே பாருங்கள்.

ஆண்டுதோறும் புதுப்புது இடம் தேடாதீர்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும்போதுதான் மரம் வளர்ந்ததும் பிள்ளைகள் வளர்ந்ததும் கண்ணில் படும். ஒவ்வொருவருக்கும் மாறாத ஒரு பொறுப்பு கொடுங்கள். நேரத்தையும் வழியையும் முடிவு செய்வது மகன். ஒரு நண்பனை அழைத்துவர விரும்பினால் சம்மதியுங்கள், புகைப்படத்துக்கு நிற்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பார்த்ததையெல்லாம் ஒரே நோட்டில் எழுதுவது இளைய பிள்ளை. எங்கே உட்காருவது, எப்போது வீடு திரும்புவது என்பது மாமியாரின் சொல்.

விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே பகலில் ஒரு முறை போய்க் கழிப்பறை, வண்டி நிறுத்தும் இடம், இருட்டிய பிறகு அனுமதி உண்டா, தீ மூட்டலாமா என்பதையெல்லாம் விசாரித்துவிடுங்கள். அந்தப் பயணத்துக்கு மகனை மட்டும் அழைத்துப் போய், இடத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும்.