எழுத்துகளை ஒப்பிக்கும் 4 வயது மகள் பென்சிலைக் கண்டால் ஓடுகிறாள். கையை எப்படிப் பழக்குவது?

அ முதல் ஔ வரை சொல்கிறாள் என்றால் அவளுக்குப் படிப்பு வரவில்லை என்று பொருள் இல்லை. விரல்களுக்குத்தான் இன்னும் வலு வரவில்லை. என் மகனுக்கும் எல்.கே.ஜி.யில் இதே கதைதான். பக்கம் முழுக்க ‘அ’ எழுதிவரச் சொல்லி அனுப்புவார்கள். கட்டைவிரலை ஆள்காட்டி விரலின்மேல் சுற்றிப் போட்டுக்கொண்டு, நகம் வெளுக்கும்வரை அழுத்துவான். மூன்றாவது ‘அ’வில் முனை ஒடியும், ஐந்தாவதில் தாள் கிழியும், பிறகு அழுகை. நானும் கத்தியிருக்கிறேன், மறைப்பானேன்.

மணிக்கட்டில் இருக்கும் 8 சிறு எலும்புகள் பிறக்கும்போது பெரும்பாலும் வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக எலும்பாகி முடிவதற்குப் பத்து வயதை ஒட்டிவிடும். இதைப் படித்த அன்று நோட்டை மூடி வைத்துவிட்டு அவனைச் சமையலறைக்குக் கூட்டிப் போனேன்.

பச்சைப் பட்டாணி உரிக்கக் கொடுத்தேன். முதல் நாள் தோலைப் பல்லால் கடித்துத்தான் திறந்தான். ஒரு வாரத்தில் நுனியைக் கிள்ளி, பிளந்து, கட்டைவிரலால் மணிகளை வரிசையாகத் தள்ளிவிடக் கற்றுக்கொண்டான். பென்சிலுக்கு வேண்டிய அசைவு அதுதான். பூண்டு உரிப்பது, சப்பாத்தி மாவை உருட்டுவது, கொடியில் துணிக்குக் கிளிப் போடுவது எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். மாலையில் பாட்டியோடு பல்லாங்குழி. 14 குழிகளிலும் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டு வருவதைவிட நல்ல விரல் பயிற்சி கடையில் கிடைக்காது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு கொட்டை மூக்குக்குள் போய், அன்று இரவு மருத்துவமனையில் கழிந்தது.

அடுத்தது, எந்த எழுத்தில் தொடங்குவது என்பது. ‘அ’வில் தொடங்குவதுதான் நம் பெரிய பிடிவாதம். சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நேர்க்கோடு என்று ஒரே எழுத்தில் எல்லாம் இருக்கிறது. ‘ட’வில் தொடங்குங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கமாக ஒரு கோடு, முடிந்தது. அதையே மேலே ஏற்றினால் ‘ப’. ஏறிய கோட்டை உள்பக்கம் வளைத்து இறக்கினால் ‘ம’. இந்த மூன்றோடு ஒரு புள்ளியும் இருந்தால் படம், பட்டம், மடம், மட்டம் எல்லாம் எழுதிவிடலாம். ‘பட்டம்’ என்று தானே எழுதிவிட்டு அதைப் படித்தும் காட்டிய அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சுழி எழுத்துகள் மெதுவாக வரட்டும்.

தாளுக்கு முன்னால் தாம்பாளம். அரிசி விஜயதசமி அன்றைக்குச் சரி, தினப்பயிற்சிக்கு ரவைதான். அரிசியில் கோடு சரிந்து மூடிக்கொள்ளும், ரவையில் தெளிவாக நிற்கும். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, இரண்டு விரலால் தடவச் சொல்வது இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறை. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். நான் வெட்டியது மூன்றே எழுத்து. கத்தரிக்கோல் மழுங்கியதோடு நிறுத்திக்கொண்டேன்.

எழுதும்போது நீளப் பென்சில் வேண்டாம். கட்டைவிரல் அளவு துண்டுப் பென்சிலோ உடைந்த கிரேயானோ கொடுங்கள். முழு உள்ளங்கையால் பிடிக்க இடம் இருக்காது, மூன்று விரல் தானாக வந்து சேரும். சிலேட்டும் பலப்பமும் கிடைத்தால் இன்னும் நல்லது, அந்தச் சொரசொரப்பு கைக்குத் தெரியும். டேப்லெட் கண்ணாடியில் விரல் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர அழுத்தம் பழகாது.

ஐந்து வயது தாண்டியும் சட்டைப் பொத்தான் போட முடியாவிட்டாலோ, கை சீக்கிரம் சோர்ந்து வலிக்கிறது என்றாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம், அதாவது அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் சிகிச்சையாளரிடம், அனுப்புவார். இடது கையால் எழுதினால் மட்டும் எங்கேயும் கூட்டிப் போகாதீர்கள், கையை மாற்றவும் வேண்டாம்.

வீட்டுப்பாடத்தை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ‘தினமும் ஒரு வரிதான் எழுதுவான், மீதி நேரம் பட்டாணி உரிக்கிறான்’ என்று டைரியில் எழுதி அனுப்பினேன். மறுநாள் அதன் கீழே ஆசிரியையின் கையெழுத்து மட்டும் இருந்தது. ஒரு வரியோடு விட்டுவிட்டார்கள்.