ஜூலை 16 முதல் 22 வரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது 1969 ஜூலை 20-ஆ, 21-ஆ?

பதில்: இரண்டும் சரி. உலகப் பொது நேரப்படி அப்பல்லோ 11-ன் ஈகிள் இறங்குகலம் தரையிறங்கியது 20-ம் தேதி 20:17-க்கு. முதல் அடி வைத்தது 21-ம் தேதி 02:56-க்கு. அப்போது அமெரிக்கக் கட்டுப்பாட்டு மையம் இருந்த ஹூஸ்டன் கடிகாரத்தில் 20-ம் தேதி இரவு 9:56. அமெரிக்க நூல்கள் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டன. நீங்கள் எழுதும்போது தரையிறக்கத்தையும் முதல் அடியையும் பிரித்து, எந்த நேரக் கணக்கு என்பதையும் சேர்த்துவிடுங்கள். இதில் ஒரு வேடிக்கை: திட்டப்படி கலத்தில் இருந்த ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின் இருவரும் ஓய்வெடுத்த பிறகே வெளியே வர வேண்டும். அப்படியே செய்திருந்தால் ஹூஸ்டனிலும் தேதி 21 ஆகியிருக்கும். இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கேள்வி: ரஷ்ய ஜார் இரண்டாம் நிக்கலாஸ் குடும்பம் கொல்லப்பட்டது 1918 ஜூலை 17. புதிய நாட்காட்டிக்கு மாற்ற 13 நாள் கூட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம், அது ஏற்கெனவே புதிய தேதி. ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட்டதால், அங்கே 1918 ஜனவரி 31-க்கு அடுத்த நாளே பிப்ரவரி 14 ஆகிவிட்டது. கூட்டல் அதற்கு முந்தைய ரஷ்யத் தேதிகளுக்கு மட்டும்தான். அதிலும் 19-ம் நூற்றாண்டுக்கு 12, 18-ம் நூற்றாண்டுக்கு 11.

கேள்வி: 1944 ஜூலை 20 குண்டுவெடிப்பில் ஹிட்லர் தப்பியது எப்படி?

பதில்: அதிர்ஷ்டம் என்று முடித்துவிடுகிறார்கள், காரணங்கள் அதைவிடத் துல்லியமானவை. ஹிட்லரின் ஆலோசனைக் கூட்டத்தில் குண்டு வைத்த ஜெர்மன் ராணுவ அதிகாரி ஸ்டாஃபன்பெர்க் கொண்டுவந்தவை ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள இரண்டு வெடிபொருள் பொதிகள். அமிலம் கம்பியை அரித்து வெடிக்கவைக்கும் திரியை இடுக்கியால் நசுக்க வேண்டும். போரில் வலது கையையும் இடது கையில் இரண்டு விரல்களையும் இழந்தவர் அவர். நடுவில் ஆள் வந்துவிட, ஒன்றுக்கு மட்டுமே திரி தயாரானது. மற்றதைப் பையிலேயே வைத்திருந்தாலும் முதல் வெடிப்பில் அதுவும் வெடித்திருக்கும். அதை வெளியே எடுத்ததுதான் பெரிய பிழை. பிறகு பை, மேசையின் கனத்த மரத் தாங்கிக்கு மறுபுறம் நகர்த்தப்பட்டது. ஜன்னல்கள் திறந்திருந்ததால் அழுத்தமும் வெளியேறியது. அறையில் இருந்தவர்களில் நால்வர் இறந்தனர்.

கேள்வி: 1994-ல் வால்மீன் வியாழனில் மோத ஒரு வாரம் பிடித்தது ஏன்?

பதில்: மோதியது ஒரே கல் அல்ல. 1992-ல் வியாழனை நெருங்கிக் கடந்தபோது அதன் ஈர்ப்பு ஷூமேக்கர்–லெவி 9 என்ற அந்த வால்மீனைப் பிய்த்துவிட்டது. இருபதுக்கு மேற்பட்ட துண்டுகள் ரயில் பெட்டிகள்போல வரிசையாக வந்து, ஜூலை 16 முதல் 22 வரை விநாடிக்குச் சுமார் 60 கி.மீ. வேகத்தில் விழுந்தன. விழுந்த இடம் பூமிக்குத் தெரியாத விளிம்புக்கு அப்பால். ஆனால் வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழல்வதால், சில நிமிடங்களில் வடுக்கள் நம் பக்கம் திரும்பின. மோதலை நேரடியாகப் பார்க்கும் கோணத்தில் இருந்தது கலிலியோ விண்கலம்.